நெருக்கடியின் இயல்பும் மாந்தர் அதை எதிர்கொள்ளும் வகையும்

துன்புற்றவருக்குத் துணைநிற்க விரும்பும் தொண்டர் எவரும், களத்தில் இறங்குவதற்கு முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய முதல் உண்மை, நெருக்கடியை அளப்பதற்கு நடந்த சம்பவத்தை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு ஆளானவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்பதாகும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளில், ஒரே வாரத்தில், குடும்பத் தலைவர்கள் பக்கவாதத்தால் படுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் மனைவி பல வருஷங்களாக வரவு செலவைத் தாமே கவனித்து வந்தவர். கணவரின் தம்பிமார் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பும் உண்டு. அவருக்கு வந்தது பெருந்துயரமே ஆனாலும், யாரிடம் போவது, எதை முதலில் செய்வது என்பது அவருக்குத் தெரிகிறது. இரண்டாவது வீட்டு அம்மையாரோ வங்கியின் படியை மிதித்தறியாதவர். வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, கணவர் யாரிடம் கடன் வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்பவற்றைக் கேட்டறிய வழியின்றி, பேச்சிழந்து கிடப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நோய் இரண்டு வீட்டுக்கும் பொது. நெருக்கடி இரண்டாவது வீட்டில்தான் குடியேறியிருக்கிறது. அங்கே செல்லும் தொண்டர் நோயைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினால், அந்த அம்மையாரின் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது எதுவோ அதை அறியாமலே திரும்பியவராகிறார்.

இவ்விஷயத்தை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னணியில் வைத்து எண்ணத்தக்கவர், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜெரால்டு காப்ளான். மனநோய் வருமுன் காப்பதைப் பற்றி 1964-இல் அவர் வெளியிட்ட நூலில் விளக்கியிருப்பதன் சாரம் இது: மனிதர் தமக்கு நேரும் சங்கடங்களை, அதுகாறும் பழகிவந்த உபாயங்களைக் கொண்டே சமாளிக்கப் பார்க்கிறார், அவை பலிக்காதபோது கலக்கம் மிகுந்து, கண்ணில் பட்டதையெல்லாம் முயன்று பார்க்கிறார், அதுவும் பலிக்காதபோது தம்மிடம் எஞ்சியிருக்கும் சக்தி அனைத்தையும் திரட்டிப் புது வழி தேடுகிறார், அல்லது பிரச்சினையையே வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குகிறார், அதற்கும் மேல் சங்கடம் தீராவிட்டால் நிலைகுலைகிறார். இக்கொந்தளிப்பு பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களுக்குள் ஏதாவதொரு விதத்தில் அடங்கிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. அடங்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது. சிலர் முன்னைவிட உறுதியுள்ளவராக எழுகிறார்கள். சிலர் குடியிலோ, எவரோடும் பேசாத ஏகாந்தத்திலோ, தீராத வெறுப்பிலோ போய் அமைதி காண்கிறார்கள். எந்தப் பக்கம் சாய்வதென்று நிச்சயமாகாத அந்தச் சில வாரங்களில் மனிதரின் உள்ளம் பிறர் கைகொடுத்தால் பற்றிக்கொள்ளும் பக்குவத்தில் இருக்கிறது; மற்றைக் காலங்களில் மாதக்கணக்கில் எடுத்துச் சொல்லியும் ஏறாத ஒரு யோசனை, அப்போது ஒரு மாலைப்பொழுதில் ஏறிவிடுவதுண்டு. தொண்டர் விரைந்து செல்ல வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நெருக்கடி துக்கத்தால் மட்டுமே விளையும் என்பதில்லை. மணமாகிப் புதிய ஊருக்குச் சென்ற பெண்ணுக்கும், முதற்பிள்ளையைக் கையில் ஏந்திய தாய்க்கும், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் காலை எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நிற்பவருக்கும் அது நேர்கிறது. இவை எல்லாருக்கும் வருபவை என்பதனால் சுற்றத்தார் இவற்றை நெருக்கடியாகவே கருதுவதில்லை. பிரசவித்த பெண் காரணமின்றி அழுதால், பிள்ளை பிறந்த வீட்டில் அழலாமா என்று அதட்டுகிறார்கள். ஆயினும், திடீரென்று வந்து பலரை ஒருசேரத் தாக்கும் விபத்துக்களில்தான் மனிதரின் போக்கு பிரத்தியட்சமாய்த் தெரிகிறது. ஆகையால் இவ்வத்தியாயத்தில் அவற்றையே பெரிதும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆபத்து வந்தவுடன் ஜனங்கள் அறிவிழந்து, ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு சிதறி ஓடுவார்கள் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. சினிமாக்கள் அதையே காட்டுகின்றன. பொறுப்பிலுள்ளவர்களும், பீதி கிளம்பிவிடுமே என்று அஞ்சி, சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்ல வேண்டிய வேளையில் சொல்லாமல் அடக்கிவைக்கிறார்கள். 1963-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையத்தை நிறுவியவர்களுள் ஒருவரான என்ரிகோ குவாரன்டெல்லியும் அவரைச் சேர்ந்தவர்களும், விபத்து நேர்ந்த இடங்களுக்கு நேரிற் சென்று விசாரித்து வந்து சொன்னது இதற்கு மாறானது. பீதியால் வெறிகொண்டு ஓடுவது மிக அபூர்வம். ஓடவேண்டிய நேரத்தில் ஓடாமல் நின்றுவிடுவதே பெருவழக்கு. பாஸ்டன் நகரத்தில் 1942 நவம்பர் 28 இரவு கோக்கனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டபோது, முன்வாயிலில் குவிந்து கிடந்த உடல்களைக் கண்டவர்கள் ஜனங்களின் பீதியைக் குறைகூறினார்கள். ஆனால் அவ்வாயிலில் இருந்தது ஒருவர் பின் ஒருவராகவே நுழையக்கூடிய சுழற்கதவு. மற்றக் கதவுகளில் சில பூட்டப்பட்டிருந்தன, சில உட்புறமாகத் திறப்பவை. உள்ளே இருந்த கூட்டமோ அனுமதிக்கப்பட்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மிகத் தெளிந்த புத்தியுள்ளவர்களாலும் அக்கதவின் வழியே அத்தனை பேரையும் வெளியேற்றியிருக்க முடியாது. இறந்தவர்மேல் பழிபோடுவது நியாயமன்று.

நின்றுவிடுதல் என்று சொன்னோமே, அது எப்படியிருக்கும் என்பதைச் சற்று அணுகிப் பார்க்க வேண்டும். 1977 மே 28 அன்று, கென்டக்கி மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் என்ற பெரிய உணவு விடுதியில், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நிறைந்திருந்த ஓர் அரங்கில் நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் மற்றொரு பகுதியில் தீப்பிடித்ததை அறிந்த வால்டர் பெய்லி, மேசைகளிலிருந்து எச்சில் தட்டுகளை எடுத்துச் செல்லும் 18 வயதுப் பணியாள், மேடையேறி ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, வெளியேறும் வழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கைநீட்டிக் காட்டி, தீப்பிடித்திருக்கிறது, எழுந்து செல்லுங்கள் என்று சொன்னான். ஒரு பகுதியினர் எழுந்தனர். மற்றவர்கள் அசையவில்லை, இதுவும் நிகழ்ச்சியின் ஓர் அங்கமோ என்று சிலர் எண்ணினார்கள், சின்னத் தீயாக இருக்கும், அணைத்துவிடுவார்கள் என்று சிலர் காத்திருந்தார்கள், பக்கத்து மேசைக்காரர் எழுகிறாரா என்று பார்த்திருந்தவர் பலர். சில நிமிஷங்களில் கரும்புகை அரங்கினுள் புகுந்தது. அவ்விபத்தில் 165 பேர் இறந்தார்கள். அந்த இளைஞன் பேசியிராவிட்டால் இன்னும் எத்தனையோ நூறு பேர் இறந்திருப்பார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி என் மனத்தை விட்டு நீங்காதது: பரிமாறும் பெண்கள் தத்தம் மேசைகளில் அமர்ந்திருந்தவர்களைத் தாமே அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். விருந்துண்ண வந்தவர் அதுவரை யாருடைய சொல்லை எதிர்பார்த்து அமர்ந்திருந்தாரோ அவருடைய சொல்லையே ஆபத்திலும் எதிர்பார்க்கிறார். பரிமாறியவளும் தன் மேசைக்காரர்களைத் தன் பொறுப்பென்றே கருதுகிறாள். மனிதர் நேற்றுவரை எந்த உறவில், எந்தக் கடமையில் பொருந்தியிருந்தாரோ, அதையே நெருக்கடியிலும் இறுகப் பற்றிக்கொள்கிறார்.

வேடிக்கை பார்த்தலும் இந்த நின்றுவிடுதலின் ஒரு வகையே. 1917 டிசம்பர் 6 காலை, கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த மான் பிளாங்க் என்ற கப்பல், மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பற்றி ஏறத்தாழ 20 நிமிஷம் எரிந்தது. ஊரார் ஜன்னலருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; கப்பல் வெடித்தபோது கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து கண்ணிழந்தவர் பலர். 2004 டிசம்பர் 26 காலை, ஆழிப்பேரலைக்கு முன், நம் கரையோரங்கள் சிலவற்றில் கடல் உள்வாங்கியபோது, அந்த அதிசயத்தைக் காண மணலில் இறங்கிச் சென்றவர்களும் இவ்வாறே அகப்பட்டார்கள். இவர்களை அறிவிலிகள் என்பது பெரும் பிழை. முன்பின் கண்டறியாத ஒன்றைக் கண்ட உள்ளம் அதற்குப் பொருள் தேடுகிறது. பொருள் கிடைக்கும்வரை கால்கள் நகர்வதில்லை.

அந்தப் பொருளை விரைந்து கொடுப்பதே தொண்டரின் முதற்கடமை. அதை எப்படிக் கொடுப்பது என்பதற்குப் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமம் நல்ல உதாரணம். அவ்வூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். அன்று தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு, ஊரிலுள்ள தம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வருகிறதென்று வீட்டார் சொல்ல, உடனே எல்லாரும் வெளியேறுங்கள் என்று எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில், மீனவருக்குக் கடல்நிலையை அறிவிக்கும் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. ஊரார் மையத்தைத் திறந்து அதன் வழியே அறிவித்தார்கள்; சுமார் 3,600 பேர் வசித்த அவ்வூர் மக்கள் உயிர் தப்பினார்கள். தினந்தோறும் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் சொல்லிவந்த ஒலிபெருக்கி, ஊராரின் சொந்தக் குரல், செய்ய வேண்டியது இன்னதென்று ஐயமற விளங்கும் ஒரே வாக்கியம் ஆகிய இம்மூன்றும் கூடியதனால், பக்கத்து வீட்டாரைக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ளும் தாமதம் அங்கே பெரிதும் குறைந்தது. அறிமுகமில்லாத ஒருவர் வந்து, பயப்படாதீர்கள், அமைதியாயிருங்கள் என்று பத்து முறை சொல்வதைவிட, அறிந்த ஒருவர், மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், வேறெதையும் எடுக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொல்வது பயன் தரும். உண்மையை ஒளிக்கலாகாது; ஒளித்த இடத்தில் வதந்தி வந்து அமரும். ஹாலிபாக்ஸில் வெடிப்பு நடந்த அன்றே, இன்னொரு வெடிப்பு வரப்போகிறது என்ற வதந்தி பரவி, இடிபாடுகளில் அகப்பட்டவர்களை மீட்டுக்கொண்டிருந்தோர் பலர் வேலையைப் போட்டுவிட்டு ஓடும்படி ஆயிற்று.

தேகத்தின் மாறுதல்களையும் தொண்டர் அறிந்திருக்க வேண்டும். ஹார்வர்டைச் சேர்ந்த உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் எழுதிய நூலில் விவரித்தபடி, அச்சம் எழுந்தவுடன் உடல் எதிர்த்து நிற்கவோ ஓடவோ ஆயத்தமாகிறது: அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, ஜீரணம் நிற்கிறது, வாய் உலர்கிறது. கவனம் ஒரு புள்ளியில் குவிந்து மற்றவை மறைந்துபோகின்றன. ஆகையால்தான், தீவிபத்தில் குழந்தையைப் பறிகொடுத்த தகப்பன் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு, வந்த ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தோமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். நான்கு விஷயங்களை அடுக்கிச் சொன்னால் ஒன்றுகூட அவன் காதில் நிற்பதில்லை. அவனிடம், "அண்ணே, இப்படி உட்காருங்க, இந்தத் தண்ணியைக் குடிங்க, நான் இங்கேதான் இருக்கேன்" என்பதற்குமேல் அந்நேரத்தில் பேசலாகாது. கையொப்பம் வேண்டுமென்றால், எந்தத் தாளில், எதற்காக என்பதைச் சொல்லி, ஒரு தாளை மட்டும் நீட்ட வேண்டும். விற்பது, வாங்குவது, ஊரைவிட்டுப் போவது முதலிய பெரிய முடிவுகளை அவ்வாரத்தில் எடுக்கும்படி அவனை எவர் நெருக்கினாலும் தொண்டர் குறுக்கே நிற்கலாம்.

இனி, சம்பவம் கடந்த பிறகு வரும் காலத்துக்கு வருவோம். பாஸ்டன் தீவிபத்தில் தப்பியவர்களையும், மாண்டவர்களின் உறவினரையும், வேறு வகையில் உற்றாரை இழந்த சிலரையுமாக 101 பேரைக் கவனித்து, எரிக் லின்டெமன் என்னும் மனநல மருத்துவர் 1944-இல் எழுதிய கட்டுரை, துக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. துக்கம் இடைவிடாமல் ஒரே அளவில் இருப்பதன்று, அலையலையாய் வருவது என்று அவர் கண்டார். ஒவ்வோர் அலையும் 20 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை நீடிக்கிறது. தொண்டை அடைக்கிறது, பெருமூச்சு வருகிறது, வயிறு வெறுமையாய்க் கிடக்கிறது, மாடிப்படி ஏறவும் வலுவில்லை. போனவரின் உருவம் கண்முன் நிற்கிறது; நான் இதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரே என்ற குற்றவுணர்ச்சி அரிக்கிறது; அன்பாகப் பேச வந்தவர்மேல் காரணமில்லாத கோபம் பொங்குகிறது. இக்கோபத்தைத் தம்மேல் காட்டியதாகக் கொண்டு மனம் புண்பட்டுத் திரும்பும் தொண்டர்கள் பலர். அது தம்மேல் காட்டியதே அன்று என்பதை அவர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

லின்டெமன் குறித்துவைத்த ஒருவரின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. மனைவியோடு அன்றிரவு விடுதிக்குச் சென்றிருந்த ஓர் இளைஞர், அவளை இழுத்துக்கொண்டு வெளியேற முயன்று, மயங்கி விழுந்து, கூட்டத்தால் வெளியே தள்ளப்பட்டுப் பிழைத்தார், மனைவி எரிந்துபோனாள். அவருடைய காயங்கள் சிறியவை. மனைவி இறந்த செய்தியை அமைதியோடு ஏற்றுக்கொண்டதாகவே ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தோன்றிற்று, வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கலக்கமும் தற்பழியும் முற்றி மீண்டும் அழைத்துவரப்பட்ட அவர், ஒருநாள் காவலின் கண்தப்பி ஜன்னல் வழியே பாய்ந்து உயிர்விட்டார். கூக்குரலிட்டு அழுபவரைச் சுற்றிப் பத்துப்பேர் நிற்கையில், மூலையில் அழாமல் உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருப்பவரிடம் ஒருவர்கூடப் போவதில்லை. எவ்வளவு தைரியசாலி என்று மெச்சுகிறோம். அவரிடத்தில்தான் அடிக்கடி சென்று அமர வேண்டும். அழவைக்க முயல வேண்டியதில்லை; போனவரின் பெயரைச் சொல்லிப் பேச அஞ்சாதிருந்தால் போதும்.

நம் ஊர் இழவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதும், நாட்கணக்கில் உற்றார் வந்து தங்குவதும், பதினாறாம் நாள் காரியமும், இந்தத் துக்கத்துக்கு ஒரு வடிகாலும் ஒரு கால எல்லையும் அமைத்துக் கொடுத்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆழிப்பேரலைக்கு 6,000-க்கு மேற்பட்டோர் பலியானபோது, அடையாளம் காணவும் அவகாசமின்றி உடல்களை ஒரே குழியில் இட நேர்ந்தது. அக்குடும்பங்களுக்கு இழப்போடு, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவில்லையே என்ற ஏக்கமும் சேர்ந்தது. இவ்வாறான இடத்தில், காலம் தாழ்ந்தேனும் சடங்குகளைச் செய்ய உதவுவதை மூடநம்பிக்கைக்குத் துணைபோவதாகக் கருதும் படித்த தொண்டர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் விரும்பும் வழியில், அவர்கள் மதத்தின்படி, அதைச் செய்துகொள்ள இடமும் பொருளும் தேடிக் கொடுப்பது மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

உதவி என்பது பெறுபவரின் மானத்தையும் காக்க வேண்டும். ஆழிப்பேரலையை அடுத்த நாட்களில் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக வந்த பழந்துணிகள் நாகை வட்டாரத்துச் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன. நேற்றுவரை உழைத்துச் சொந்தப் பணத்தில் உடுத்திய மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட விரும்பவில்லை. மாறாக, எந்த வீட்டில் எத்தனை பேர், யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்பதை வாய்ப்பாடாக அறிந்திருந்த மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கலந்துகொண்டு பங்கிட்ட இடங்களில் நிவாரணம் ஒழுங்காகச் சென்றது. ஆயினும், அப்பஞ்சாயத்துக்களில் பெண்களுக்கு இடமில்லாமையால் கணவரை இழந்தவர்களின் குரல் சில இடங்களில் எட்டாமற்போனதும் உண்டு. தொண்டர் பஞ்சாயத்தாரோடு பேசிய பிறகு, தனித்த பெண்களின் வீடுகளுக்குத் தாமே ஒருமுறை சென்று வருவது அவசியம். வேலை செய்ய வலுவுள்ளவருக்கு, சமையற்கூடத்திலோ கணக்கெழுதுவதிலோ ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் விட்டுப்போன பழக்கங்களுக்குத் திரும்புவார்கள். பெரிய பிள்ளை படுக்கையை நனைக்கும், தாயின் சேலையை விடாது. அதட்டாமல், கூடிய விரைவில் பள்ளியையும் விளையாட்டையும் தொடங்கிவிட வேண்டும்.

பெரும்பாலோர் உற்றார் துணையோடு, நாளடைவில், தாமே தேறிவிடுகிறார்கள். சிலரை மட்டும் மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்: வாரக்கணக்கில் உறக்கமும் உணவுமற்று மெலிபவரை, இல்லாத குரல்களைக் கேட்பவரை, புதிதாகக் குடிக்கத் தொடங்கியவரை, இனி நான் இருந்து என்ன என்று சொல்பவரை, சொல்லாமலே தம் பொருள்களைப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுப்பவரை. சாக வேண்டுமென்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டுவிடலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகிவிடாது, பலருக்கு அதைச் சொல்ல நேர்ந்ததே ஆறுதலாகிறது. ஆம் என்று அவர் சொன்னால், பூச்சிமருந்து, கயிறு முதலியவற்றை வீட்டாரைக் கொண்டு அப்புறப்படுத்தி, உறவினர் ஒருவர் வந்து பொறுப்பேற்கும்வரை அவரைவிட்டு அகலக்கூடாது. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், இந்தியா முழுவதற்கும் உரிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் இரவு பகலாக ஆலோசனை கிடைக்கிறது. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அருகில் அமர்ந்து தாமே அழைத்து, பேசுபவரிடம் விவரத்தைச் சொன்ன பிறகு கைப்பேசியை அவரிடம் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை கூடவே இருக்க வேண்டும்.